நான்காம் கட்டிலுக்கு ஒரு விளையாட்டு

இடது கையில் இரண்டு ஊசியும் ஏறி, குழாய்களில் ரத்தம் ஓடத் தொடங்கி, டயாலிசிஸ் டெக்னீஷியன் ரூபிணி தாளில் பதினொன்று நாற்பது என்று நேரம் குறித்துவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்குப் போகாமல் அதற்கும் அடுத்த கட்டிலுக்குப் போனபோதுதான் மதியழகன் தலையைத் திருப்பிப் பார்த்தான். நான்காம் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. தலைமாட்டு மெஷினின் மேல் பச்சைத் துணி போர்த்தியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் இந்த நேரத்துக்கு அந்தக் கட்டில் ஜெசிந்தா டீச்சருடையது. அவன் எட்டு நிமிஷம் முன்னால் வந்தால் அவர் பத்து நிமிஷம் முன்னால் வந்திருப்பார், வீட்டிலிருந்து கொண்டுவந்த ரோஸ் போர்வையைக் காலுக்கு மேல் நான்காக மடித்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. பஸ் கிடைக்கவில்லையாக இருக்கும், என்று நினைத்தான். அவர் பஸ்ஸில் வருவதில்லை, மகள் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விடுவாள் என்பதும் உடனே ஞாபகம் வந்தது. அப்படியானால் ஸ்கூட்டி பஞ்சர். கேட்டுவிடலாம். ரூபிணி மூன்றடி தள்ளி நிற்கிறாள், டீச்சர் வரலையாம்மா என்று கேட்டால் போதும். அவன் கேட்கவில்லை. வலது கையால் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துத் திறந்தான். எப்படியும் வந்துவிடுவார், வந்ததும் கேட்பார், பதில் தயாராக இருக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னது: "தம்பி, எம் போன்ல எடமே இல்ல. ஸ்கூல் குரூப்புல வர்ற போட்டோவெல்லாம் அழிச்சாச்சு, இன்னும் ஒரே ஒரு கேம் போடலாமாம். மிட்டாய் ஒடைக்கிறது, பழம் வெட்டுறது எல்லாம் வேணாம். யோசிச்சு ஆடுற மாதிரி இருக்கணும். நீங்க மூணு ஆடுறீங்கள்ல. எது தேவலைன்னு பாத்து செவ்வாக்கெழம சொல்லுங்க." சொல்றேன் டீச்சர், என்றிருந்தான். முப்பத்தோரு வருஷம் பெண்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவர், ஏதோ ஒன்றைப் போடுங்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஏன் என்று கேட்பார்.

மூன்றுக்கும் நீளநீளமாக ஆங்கிலப் பெயர்கள். அவனும் டீச்சரும் பேசும்போது சொல்லிக்கொண்ட பெயர்கள் கோட்டை, மூணு நிமிஷம், தீவு. துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் பர்ச்சேஸ் செக்‌ஷனில் பதினெட்டு வருஷம் இருந்தவன் அவன். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, கட்டம் போட்டு, விலை, தரம், எத்தனை நாளில் வரும், வராவிட்டால் என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கடைசியில் ஒருவர் பெயருக்குக் கீழே கோடு இழுப்பதுதான் வேலை. வெல்டிங் ராடோ கையுறையோ, எதுவானாலும் மூன்று. மூன்று இல்லாமல் மேனேஜர் கையெழுத்துப் போடமாட்டார். அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு கட்டம்: ஒற்றைக் கையால் ஆட முடியுமா. ஊசி ஏறிய கையை நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது, மடக்கினால் மெஷின் கூவும், ஆகவே எல்லாம் வலது கட்டைவிரலுக்கு எட்ட வேண்டும். இரண்டாவது கட்டம்: எழுத்துப் பெரிதா, டீச்சருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது. மூன்றாவது: நடுவில் விளம்பரம் வந்து கத்துமா, ஒரு தடவை அவன் போனிலிருந்து திடீரென்று ஒரு பெண் சிரித்து எட்டுக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது. நான்காவது கட்டம், எப்போது வேண்டுமானாலும் கீழே வைத்துவிட முடியுமா. இதுதான் முக்கியமானது. இதை யோசிக்கும்போது கண் தானாகப் பக்கவாட்டில் போயிற்று. பச்சைத் துணி ஏசிக் காற்றில் ஓரமாக லேசாக ஆடியது. சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ யாரையோ அறைந்துகொண்டிருந்தார்கள். முதல் மாதத்தில் அவனுக்கு இது தெரியாது. ஆறாம் கட்டிலில் மணப்பாறைக்காரர் ஒருவர், வெற்றிலைக் கறைப் பல்லோடு எல்லாரையும் மாப்ளே என்று கூப்பிடுகிறவர், ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. அவன் வெள்ளந்தியாகக் கேட்டான். அன்றைக்கு இருந்த டெக்னீஷியன் பையிலிருந்து கையுறையை உருவிக்கொண்டே, "அவரு இனிமே வரமாட்டாருங்க சார்" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் எந்தக் கட்டிலைப் பற்றியும் கேட்டதில்லை. கேட்காதவரை ஒருவர் ஊருக்குப் போயிருக்கலாம், வேறு ஷிஃப்டுக்கு மாறியிருக்கலாம், வேறு ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கலாம்.

கோட்டையைத் திறந்தான். பார்க்க அழகு கோட்டைதான், மதில், அகழி, நெல் வயல், வயலில் வாத்து. ஒரு சுவரைத் தட்டினால் கட்டத் தொடங்கும், முடிய எட்டு மணி நேரம் என்று காட்டும், சில சமயம் இரண்டு நாள் என்று காட்டும். அதுவரை செய்ய ஒன்றுமில்லை. நாம் இல்லாத நேரத்தில் யாராவது வந்து அடித்துவிட்டுப் போவார்கள், திரும்பி வந்தால் மதில் இடிந்து கிடக்கும், வாத்து மட்டும் நீந்திக்கொண்டிருக்கும். கூட்டுச் சேர்ந்தால் தினமும் போய் ஆஜர் கொடுக்க வேண்டும், மூன்று நாள் போகாவிட்டால் கூட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். போன ஆடியில் அவனுக்கு நிமோனியா வந்து ஒன்பது நாள் படுத்து எழுந்து பார்த்தபோது நீக்கியிருந்தார்கள், காரணம் என்ற இடத்தில் வரவில்லை என்று போட்டு. நம்மை மாதிரி ஆட்களுக்கு இது சரிவராது டீச்சர், என்று சொல்ல வேண்டும், நாளைக்கு வா, நாளை மறுநாள் வா என்று கூப்பிடுகிற ஆட்டம் நமக்கு எதற்கு. வியாழக்கிழமை வா என்று பூங்கோதையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஐந்து நாளாக. அவனுடைய தங்கை. மனைவி வாசுகியின் ரத்த வகை சேரவில்லை என்று தெரிந்த அன்று சாயங்காலமே வந்து நின்று, "எங்கிட்ட கிட்னி ரெண்டு இருக்குல்லண்ணே" என்றாள், பக்கத்து வீட்டுக்கு உறை மோர் கொடுக்கிற மாதிரி. முதல் கட்டப் பரிசோதனையெல்லாம் அவளாகவே முடித்துவிட்டாள், ஸ்கேன் தாளை ஒரு மஞ்சள் கவரில் போட்டு அவன் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேல் வைத்துவிட்டுப் போனாள். இனி இரண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பார்க்க வேண்டும், அதற்கு அவனும் போக வேண்டும், அதுதான் வியாழக்கிழமை. வர்றேன் என்று அவன் இன்னும் சொல்லவில்லை. இதற்கு மூன்று கொட்டேஷன் கிடையாது. கட்டம் போட்டால் ஒரே பெயர்தான் வரும், அந்தப் பெயருக்கு எதிரே எழுத வேண்டியவை அவன் பேனாவுக்கு வராதவை. முப்பத்தொன்பது வயது, அங்கன்வாடி வேலை, நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளைத் தூக்கி இறக்குகிற இடுப்பு, பிளஸ் ஒன் படிக்கிற மகள். முதுகுவலிக்கென்று பத்து வருஷம் வேர்க்கடலை மாதிரி மாத்திரை தின்று தன்னுடையதை அழித்துக்கொண்டவனுக்கு அவளுடையதைக் கொடுப்பது எந்தக் கணக்கு. அதுவும் உடம்பு ஏற்காமல் போனால். ஆறு மாதத்தில் வீணானால். பத்தொன்பது வயதில் அவள் வாலிபால் ஆடினாள், எட்டி அடித்தால் எதிர்ப்பக்கம் ஆள் நகர்ந்து கொள்ளும். சேலத்தில் பத்து நாள் கேம்ப், மாவட்டத்திலிருந்து இரண்டே பேர். அப்பா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அவனைப் பார்த்தார், நீ என்னடா சொல்ற என்கிற மாதிரி. அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை, அனுப்புங்கப்பா என்று ஒரு வார்த்தை. அவன் பேப்பரைத் திருப்பி மறுபக்கம் படித்தான். அவள் அதைப் பற்றி இந்த இருபது வருஷத்தில் ஒருநாளும் பேசியதில்லை, பேசியிருந்தால் தேவலை.

மூணு நிமிஷத்துக்குப் போனான், யோசனையை நிறுத்துவதற்காக. இது உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கிற இன்னொரு ஆளோடு நேருக்கு நேர். கையில் நாலு சீட்டு, வில்லாளி, குதிரை, யானை, தீ. எதிரி எதை இறக்குகிறான் என்று பார்த்து அதற்கு ஏற்றதை இறக்க வேண்டும், தாமதித்தால் போச்சு. ரத்தம் சூடேறும், நேரம் போவதே தெரியாது, முதல் ஆறு மாதம் இதைத்தான் ஆடினான். ஆனால் ஒரு தடவை மெஷின் கூவி ரூபிணி ஓடிவந்து குழாயைத் தட்டிக்கொண்டிருந்தபோது எதிராளி அவன் கோபுரம் மூன்றையும் இடித்துவிட்டு, அழுகிற பொம்மை ஒன்றை அனுப்பினான், நாலு தடவை. அவனுக்கு என்ன தெரியும், எதிரே இருப்பவன் ரத்தம் ஒரு பிளாஸ்டிக் குழாயில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று. தெரிந்திருந்தால் அனுப்பியிருக்கமாட்டான், நல்லவனாகக்கூட இருக்கலாம். டீச்சருக்கு இது வேண்டாம், இந்த ஒரு பெயரை அடித்துவிடலாம். மணி ஒன்று பத்து. டீச்சர் இனி வந்தாலும் நாலு மணி நேரம் ஓட்ட முடியாது, அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் மூன்றரைக்கே வாசலில் நிற்பார்கள். அப்படியானால் இன்றைக்கு வரவில்லை. இன்றைக்கு வராவிட்டால் உடம்பில் தண்ணீர் ஏறும், மூச்சு வாங்கும், ஒரு முறையை விடலாம், இரண்டு முறை விட முடியாது. வெள்ளிக்கிழமை போகும்போது அவர் கால் வீங்கியிருந்ததா. செருப்பு வார் அழுந்தியிருந்தது. நடுங்கினாரா. ஏசி அதிகமா இருக்கு தம்பி என்றார், இரண்டு தடவை. அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை. அன்றைக்கே ரூபிணியிடம் சொல்லியிருக்கலாம், டீச்சருக்குக் குளிருதாம், பாரும்மா என்று. அவன் தீவில் பதினேழாவது முறையை யோசித்துக்கொண்டிருந்தான்.

தீவுதான் சரி. இதை அவன் வெள்ளிக்கிழமையே முடிவு செய்துவிட்டான், உண்மையைச் சொன்னால். தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள், கடலில் ஏழு தீவு, முப்பது முறைக்குள் பிடிக்க வேண்டும். நம் முறையை நாம் ஆடும்வரை எதிராளி அசையமாட்டான். ஒரு மணி நேரம் யோசித்தாலும், போனை மூடி வைத்துவிட்டு அடுத்த வாரம் வந்தாலும், படகு நின்ற இடத்திலேயே நிற்கும், கேள்வி கிடையாது, விளம்பரம் கிடையாது, நெட் கூட வேண்டாம். நாற்பது நிமிஷத்தில் ஒரு ஆட்டம் முடியும், ஜெயித்தோ தோற்றோ. இதைப் போடுங்கள் டீச்சர், இது நமக்காகக் காத்திருக்கும். இந்த வாக்கியத்தை அவன் அவரிடம் சொல்வதற்கென்றே செய்து வைத்திருந்தான். புதிதாக ஒரு ஆட்டம் தொடங்கினான். ஒன்பதாவது முறையில் படகை வடக்கே விடுவதா கிழக்கே விடுவதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது கொட்டாவி வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவது கொட்டாவி பாதியில் நிற்க, திரையில் கடல் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது, டிவியின் வெளிச்சம் தூரத்துக்குப் போனது, வலது கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிகிறார்கள், அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தான், சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. குளிர்ந்த வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கியது. வடக்கே விட்டிருக்கலாம், என்று நினைத்தான். வடக்கே. வாசுகி இன்றைக்குக் கீரை வாங்கக் கூடாது, பொட்டாசியம். கேட்டிருக்கலாம். பேப்பரின் மறுபக்கத்தில் ஒன்றுமே இல்லை, டெண்டர் விளம்பரம், அதைத்தான் அன்றைக்குப் படித்தான். கட்டிலின் தலைப்பக்கம் தாழ்ந்தது, கால் மேலே போனது, யாரோ கன்னத்தைத் தட்டினார்கள். "சார். மதியழகன் சார். கண்ணத் தொறங்க. ஒண்ணுமில்ல, பிரஷர்தான் எறங்கிடுச்சு. தண்ணி எடுக்குறத நிறுத்திட்டேன், செலைன் போவுது. என்னப் பாருங்க." பார்த்தான். ரூபிணியின் முகத்தில் மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்களும் அவற்றுக்கு நடுவே ஒரு சின்னக் கறுப்புப் பொட்டும் இருந்தன. அந்தப் பொட்டு மெல்ல மெல்ல ஓரங்கள் கூடித் தெளிவானது. அவள் ஒரு கையால் அவன் பாதத்தை மேல்நோக்கி வளைத்துப் பிடித்திருந்தாள், கெண்டைக்காலைப் பிழிந்துகொண்டிருந்த பிடி தளர்ந்தது. "தண்ணி மூணு கிலோ ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க. சாம்பார ஊத்தி அடிச்சீங்களா." இல்லை என்று தலையாட்டினான். ஆமாம் என்றும் ஆட்டினான்.

போன் நெஞ்சின் மேல் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துத் திருப்பினான். படகு நின்ற இடத்திலேயே நின்றது, ஒன்பதாவது முறை, வடக்கா கிழக்கா. எவ்வளவு நேரம் போயிருக்கும், பத்து நிமிஷம், இருபது நிமிஷம், அதற்கு எதுவும் தெரியாது. அவன் நினைத்தபடியேதான் அது காத்திருந்தது, ஆனால் அதைப் பார்க்க இதமாக இல்லை. அவன் கண் திறக்காமலே போயிருந்தாலும் அந்தப் படகு இப்படியேதான் நின்றிருக்கும், பேட்டரி தீரும்வரை. ரூபிணி இன்னும் போகவில்லை, பிரஷர் பட்டையை மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். நூற்றுப் பத்து, இப்ப பரவால்ல, என்றாள். பட்டையை உருவி மடித்தாள். இப்போது போய்விடுவாள்.

"டீச்சர் ஏம்மா வரல," என்றான். குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

"உங்களுக்குத் தெரியாதா. நேத்து மத்தியானம் காய்ச்சல்னு கொண்டுவந்து சேத்தாங்க. மேல மூணாவது மாடியில இருக்காங்க. காலைல அங்கேயே மெஷின் கொண்டுபோய் ஓட்டியாச்சு. காய்ச்சல் எறங்கிடுச்சு, இட்லி சாப்ட்டாங்க."

"மேலயா."

"ஆமா சார். நான் ரெண்டு தடவ போய்ட்டு வந்தேன். உங்களத்தான் கேட்டாங்க. அந்தத் தம்பி எதுன்னு சொன்னாரான்னு. எது சார்?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். வெள்ளை அட்டைப் பலகைகள், ஒன்றில் நீர்க்கறை. மூன்று மணி நேரமாக அவன் ஒருவரைப் பாதி அடக்கம் செய்துவிட்டான், அவரோ அவன் தலைக்கு மேலே இரண்டு தளம் தள்ளி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தது, சிரித்தால் கையிலிருக்கும் குழாய் ஆடும் என்று அடக்கிக்கொண்டான், கண்ணோரம் நனைந்தது, அதைத் துடைக்கக் கையில்லை, ஒரு கையில் ஊசி, ஒரு கையில் போன். கேட்டிருந்தால் பதினொன்று நாற்பதுக்கே முடிந்திருக்கும். டீச்சரின் எண்ணைத் தேடி அழுத்தினான். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். தொண்டை கம்மியிருந்தது, ஆனால் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேருகிற அதே குரல்.

"என்ன தம்பி, ஓடுதா?"

"ஓடுது டீச்சர். உங்களுக்கு எப்படி இருக்கு?"

"குளிரு போயிருச்சு. ஊசியா குத்துறாங்க. சரி, எதுன்னு பாத்தீங்களா?"

"தீவுதான் டீச்சர். எழுத்துப் பெருசா இருக்கும். விளம்பரம் வராது. எப்ப வேணாலும் கீழ வைக்கலாம், நீங்க திரும்பி வர்றவரைக்கும் அது உங்களுக்காக..."

"நான் கோட்டையப் போட்டுட்டேன்," என்றார் டீச்சர்.

அவன் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான்.

"மக நேத்து இங்க சும்மாதான் உக்காந்திருந்தா. மூணையும் ஒவ்வொண்ணா போட்டு, ஆடிப் பாத்து, அழிச்சு, கடைசில இத வச்சுக்கிட்டேன். தீவு நல்லாத்தான் இருக்கு தம்பி, குத்தம் சொல்லல. ஆனா முடிஞ்சுபோயிடுதே. ஜெயிச்சேன். ஜெயிச்சதும் ஒண்ணுமே இல்ல. கோட்டைல தெக்கு மதில் ஒண்ணு போட்டுருக்கேன், நாளைக்குக் காலைல ஆறேமுக்காலுக்குத்தான் முடியுமாம். எனக்கு அதான் வேணும்."

"நீங்க இல்லாதப்ப எவனாவது வந்து இடிச்சுட்டுப் போவான் டீச்சர்."

"இடிக்கட்டும். திரும்பக் கட்டுறேன். ஒம்போதாங் கிளாஸ் எடுத்தவ நான், எனக்கென்ன." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "நேத்து ஒரு மாதிரி இருந்துச்சு தம்பி. போதும்னு இருந்துச்சு. அப்புறம் இந்த மதில் எப்ப முடியும்னு அப்பப்ப எடுத்துப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். எம் மக திட்டுறா. நீங்களும் அதுல இருக்கீங்கள்ல, கூட்டுன்னு ஏதோ சேரணுமாமே. என்னையும் சேத்துக்கோங்க."

"அதுல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க டீச்சர்."

"அப்ப நாமளே ஒண்ணு ஆரம்பிப்போம்," என்றார் அவர். பின்னால் யாரோ மாத்திரை என்றார்கள். வச்சிடுறேன் தம்பி, என்று வைத்துவிட்டார்.

மணி இரண்டு ஐம்பது. மெஷினில் ரத்தம் சுற்றுகிற சக்கரம் சீராகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவனுடைய கட்டங்களில் இந்தக் கட்டம் இல்லவே இல்லை. பதினெட்டு வருஷம், எத்தனை நாளில் வரும் என்று எழுதியவன், நாள் குறைவாக இருப்பவன் பெயருக்குக் கீழேயே கோடு இழுத்தவன், வரப்போகிற ஒன்றுக்காக ஒருவர் வேண்டுமென்றே நாள் அதிகமாக உள்ளதைக் கேட்பார் என்று எங்கே நினைத்தான். அவர் சொல்வது சரியா என்றும் தெரியவில்லை. காய்ச்சலில் பேசிய பேச்சாக இருக்கலாம். நாளைக்குக் காலை ஆறேமுக்காலுக்கு அந்த மதில் இடிந்து கிடந்தால் அவருக்கு எப்படி இருக்கும். திரும்பக் கட்டுவார். கட்டுவாரா. கட்டுவார். அவன் தீவை மூடினான். எண்களில் 'பூ' என்று தேடினான், தேடத் தேவையில்லை, மேலேயே இருந்தது, ஐந்து நாளில் அவள் பதினொரு தடவை கூப்பிட்டிருந்தாள், நான்கை அவன் எடுக்கவில்லை. மறுபடி கீழே வைத்தான். முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதித்தான், அதற்குள் எதையும் தீர்மானிக்கவில்லை, பயம் இருந்த இடத்திலேயே இருந்தது, அவள் இடுப்பு, அவள் மகள், ஆறு மாதத்தில் வீணானால் என்கிற அந்த ஒன்று, எல்லாம். இவை தீர்ந்த பிறகு கூப்பிடலாம் என்று இருந்தால் இவை தீராது என்பது மட்டும் தெரிந்தது. மெஷின் முடிந்ததற்கான மணியை அடித்தது. ரூபிணி பஞ்சையும் பிளாஸ்திரியையும் தட்டில் எடுத்துக்கொண்டு வருவது தெரிந்தது. அப்போது அழுத்தினான்.

"சொல்லுண்ணே," என்றாள் பூங்கோதை. பின்னால் பிள்ளைகள் சத்தம்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?"

அவள் ஒரு பிள்ளையிடம், மணல வாயில வைக்காத, துப்பு, என்றாள். பிறகு சத்தம் குறைந்தது, வெளியே வந்துவிட்டாள் போல.

"ஒம்போதரைக்கு. வெறும் வயித்துல இருக்கணும். நீ பஸ்ஸுல வராத, நான் ஆட்டோல வந்து உன்ன ஏத்திக்கிறேன்."

"நீ எதுக்கு அவ்வளவு தூரம் சுத்திக்கிட்டு."

"வர்றேன்னு சொல்லு."

"வர்றேன்."

ரூபிணி வந்து நின்றாள், கையுறையை மாட்டிக்கொண்டு ஊசியின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் நுனியைப் பிடித்தாள். ஊசியை எடுத்ததும் அவன்தான் வலது கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், போனை வைத்தாக வேண்டும். அவன் அவளை நிமிர்ந்து பார்த்து, "ஒரு நிமிஷம் இரும்மா" என்றான். அவள் நின்றாள். போனில் அவன் தங்கை மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அப்புறம் தூரத்தில் ஒரு மணி, அப்புறம் ஒன்றும் இல்லை.

"இருக்கியாண்ணே?" என்றாள்.

"இருக்கேன்," என்றான் மதியழகன்.